சிறைத்தீவில் ஒரு நாடகம்

உடன்பிறந்தான் உடலைப் புதைத்தலாகாது என்பது மன்னன் ஆணை; புதைத்தே தீருதல் தங்கையின் கடமை. கிரேக்கக் கவிஞர் சோஃபக்ளீஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் யாத்த ‘ஆன்டிகனி’ நாடகத்தின் கரு இதுவே.

1965-இல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் கறுப்பின நடிகர் குழுவொன்று இந்நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துவந்தது. அக்குழுவினருள் ஒருவர் கைதாகி, அரசியல் கைதிகளை அடைத்த ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கும் அவர் அந்நாடகத்தைச் சுருக்கி நடித்துக் காட்டினார். அதுவே ‘தீவு’ என்னும் நாடகத்துக்கு வித்து. ஏதல் ஃபியூகார்ட் என்ற வெள்ளையரும், ஜான் கானி, வின்ஸ்டன் நிட்ஷோனா என்ற கறுப்பினத்தவரும் கூடிப் படைத்த அது, 1973-இல் கேப் டவுனில் அரங்கேறியது.

ஒரே அறையில் இரு கைதிகள்; உடன்பிறவாச் சகோதரர்கள். சிறைக் கலைவிழாவுக்கு ‘ஆன்டிகனி’யைப் பயில்கின்றனர். திடீரென ஒருவனுக்கு மூன்றே திங்களில் விடுதலை என்று செய்தி வருகிறது. மற்றவனுக்கோ ஆயுள் தண்டனை! விடுதலையே அன்புக்குச் சோதனையாகிறது. தோழனின் நற்பேறு கண்டு அவன் உள்ளம் வெதும்புகிறான். ஆயினும், பெண்வேடம் பூண நாணி மறுத்த அவனே, ஈற்றில் ஆன்டிகனியாக அவைமுன் நின்று, கடமை செய்தமைக்குத் தண்டனை ஏற்கிறான்.

அத்தீவில் 1964 முதல் 1982 வரை அடைபட்டிருந்த நெல்சன் மண்டேலாவும் ‘ஆன்டிகனி’யில் மன்னன் கிரியோனாக நடித்தவர். அவருக்கு விடுதலை கிட்டியது 1990-இல்தான்.

விடுதலை ஒருவர்க்கு இன்றும் மற்றொருவர்க்கு என்றோவும் வரலாம். உடன்பிறந்தார்க்குரிய கடமையோ அந்நாளுக்காகக் காத்திருப்பதன்று.