மரத்துக்கேத்த ரம்பம்

சேலத்திலிருந்து பிரிஞ்சு தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல். அப்போ எங்க பக்கம் புளியமரம் அறுக்கணும்னா ரெண்டு ஆள் இழுக்கிற ரம்பம்தான். எதிரும் புதிருமா உட்கார்ந்து நாள் முழுக்க இழுப்பாங்க. ஜெர்மனியில ஆந்திரேயாஸ் ஸ்டீல் 1926-லேயே கரண்டு ரம்பமும், 1929-ல் பெட்ரோல் ரம்பமும் செய்துவிட்டார். அதையும் பிடிக்க ரெண்டு பேர் வேணும். அவர் கம்பெனியோட ஒரே ஆள் பிடிக்கிற மெஷின் 1950-ல்தான் வந்தது.

பழைய என்.எச். 7, இப்போதைய 44, நாலுவழியானபோது சாலையோரப் புளியமரங்கள் சாய்ந்தன.

மெஷின் வாங்குறப்ப பார் அளவுதான் முதல் கேள்வி. பார்ங்கிறது செயின் ஓடுற பட்டை. மரத்தின் குறுக்களவைவிட ரெண்டு இஞ்ச் கூட இருந்தா நல்லது. சீமைக் கருவேலத்துக்கு 14 போதும். பார் நீண்டா இன்ஜின் சக்தியும் கூடணும்; இல்லைன்னா செயின் திணறும்.

என்கிட்ட இருப்பது 18. கிணத்துமேட்டுப் புளிக்கு வியாபாரி விலை பேசியிருக்கார். சுற்றளவு 94 இஞ்ச், குறுக்களவு 30. ரெண்டு பக்கமும் மாத்தி அறுத்தா முடிஞ்சிடும்.

தாத்தா காலத்தில் மரம் சாய ஒரு நாள் ஆகும். மனசு மாற நேரம் இருந்தது. இப்போ அந்த நேரம் இல்லை. அளந்துட்டுத் திரும்பிட்டேன். மெஷின் திண்ணையிலேயே இருக்கு.