முட்டுக்காடு ஸ்டாப்பும் முந்நூத்தி அறுபது படியும்

சின்னதா ஒரு கொசுவத்தி சுத்திட்டு மேட்டருக்கு வரேன் மக்களே.

செங்கல்பட்டுல எங்க அக்கா பையனுக்கு ரெண்டரை வயசாகியும் பேச்சு வரலை. கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஃபேன் சுத்துறதை மணிக்கணக்கா பார்ப்பான். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும். உன் தம்பியே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்"னு எங்கம்மா அக்காவுக்குத் தைரியம் சொன்னாங்க. அந்தத் தம்பி நான்தான் :-). ஒரு டாக்டரும் "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்மா"ன்னார். நானும் தலையாட்டினேன். பார்த்துக்கிட்டே இருந்ததுல முழுசா ஒரு வருஷம் போச்சு. இந்தப் பதிவை எழுத வைக்கிறது அந்த ஒரு வருஷம்தான்.

அப்புறம் யாரோ சொல்லி திருப்போரூர், கேளம்பாக்கம், கோவளம்னு பஸ் மாறி முட்டுக்காடு போனோம். போட் ஹவுஸுக்குப் போற கூட்டத்தோட நாங்களும் இறங்கினோம். அங்கே ஈ.சி.ஆர். ஓரத்துல இருக்கு என்.ஐ.இ.பி.எம்.டி. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் உள்ளவர்களுக்காக மத்திய அரசு 2005ல் தொடங்கின தேசிய நிறுவனம். நாங்க போனப்ப அந்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர்ல.

எதைப் பார்த்தாலும் இதை யார், எப்ப ஆரம்பிச்சாங்கன்னு தோண்டுறது எனக்கு இருக்கிற கெட்ட பழக்கம். தோண்டினதுல கிடைச்சது இது.

1943ல் அமெரிக்காவில் லியோ கேனர்ங்கிற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதின கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பாங்க. அடுத்த இருபது வருஷம் பழி முழுக்க அம்மாக்கள் தலையில். பாசமில்லாத, ஃப்ரிட்ஜ் மாதிரி சில்லிட்டுப்போன அம்மாக்களாலதான் குழந்தை இப்படி ஆகுதுன்னு பெரிய படிப்பு படிச்சவங்களே சொன்னாங்க. 1964ல் பெர்னார்ட் ரிம்லாண்ட் ஒரு புத்தகம் எழுதி, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்புக் கோளாறு இல்லைன்னு வாதாடினார். அவர் உளவியலாளர் மட்டுமில்லை, ஆட்டிசக் குழந்தையோட அப்பாவும் கூட. ஆனா எங்க தெருவுல அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. "செல்போனைக் கொடுத்துக் கெடுத்துட்டா"ன்னு எங்க அக்காவைத்தான் சொன்னாங்க.

1987ல் கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ் ஒரு ஆய்வை வெளியிட்டார். நாலு வயசுக்குக் கீழே ஆரம்பிச்ச 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், ரெண்டு வருஷத்துக்கு மேல பயிற்சி. ஒவ்வொரு செயலையும் குட்டிக் குட்டிப் படிகளா உடைச்சு, செஞ்சு முடிச்சதும் பாராட்டுறது. அதில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடிச்சாங்க. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிச்சு ஒப்பிடலை. சத்தமா "நோ"ன்னு அதட்டுறதும், எப்பவாவது தொடையில் அடிக்கிறதும் அந்தப் பயிற்சியில் இருந்துச்சு.

சரி, நம்ம ஊர்ல? அதுக்கு முன்னாடியே இங்கே ஒரு பாதை போட்டிருந்தாங்க. 1970களில் பேராசிரியர் பி. ஜெயச்சந்திரனும் விமலாவும் சேர்ந்து ஒரு திட்டம் உருவாக்கினாங்க. பேரே மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை. 18 துறை, துறைக்கு 20 வீதம் 360 திறன்கள். குழந்தைக்கு என்ன வராதுன்னு எழுதாம, எது வரும், அடுத்த படி எதுன்னு எழுதுற பட்டியல். 1989ல் சென்னை தி. நகர்ல மதுரம் நாராயணன் மையம் தொடங்கினாங்க. அங்கே உருவான 'உபநயன்' திட்டம் ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கானது. அம்மாவும் கூடவே உட்கார்ந்து கத்துக்கணும்.

இதுதான் முக்கியமான திருப்பம்னு எனக்குத் தோணுது. பழி சுமந்த அம்மாவே இங்கே டீச்சர் ஆகுறாங்க. வாரம் 40 மணி நேரம் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க நம்மில் எத்தனை பேரால முடியும்? 2016ல் லான்செட் சைக்கியாட்ரியில் ஒரு ஆய்வு வந்தது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகள். நிபுணர் அல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்ததுலயே, குழந்தைகள் தாமா முன்வந்து பெற்றோரோட பரிமாறிக்கிறது கூடியிருந்தது.

எங்களுக்குக் கிடைச்ச முதல் பாடம் டி-ஷர்ட். கடைசிப் படியில ஆரம்பிக்கணும். தலை, கை எல்லாம் நாம மாட்டிவிட்டு, வயித்துகிட்ட கீழே இழுத்துவிடுறதை மட்டும் அவன்கிட்ட விடணும். அது வந்ததும் ஒரு கை. அப்புறம் இன்னொரு கை. முழுசா அவனே போட்டுக்க அஞ்சு மாசம் ஆச்சு. அன்னைக்கு அக்கா அழுதா. நான் மாடிக்குப் போயிட்டேன்.

ஒரு தப்பையும் ஒத்துக்கணும். கையை உதறாதே, கண்ணைப் பாருன்னு வீட்டுல நாங்க அவனை அதட்டியிருக்கோம். அப்படி அடக்கி வளர்க்கப்பட்டதோட வலியை, வளர்ந்த ஆட்டிசக்காரர்களே இன்னைக்கு எழுதுறாங்க. அதைப் படிச்சப்புறம் விட்டுட்டோம். பயிற்சி முறைகள்லயும் இப்ப விளையாட்டோட விளையாட்டா சொல்லித்தர்றதுக்கு நிறைய இடம் வந்திருக்கு.

சட்டமும் மெதுவாத்தான் நகர்ந்தது. 1995 சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வந்தது. 2016 சட்டம் உரிமையாவே சேர்த்தது. 2013ல் அரசுத் திட்டமா மாவட்ட இடையீட்டு மையங்கள் வந்தன. 2021 ஜூன் 17ல் நாடு முழுக்க 14 இடங்களில் ஆறு வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கான மையங்களைத் திறந்தாங்க. முட்டுக்காடும் அதில் ஒண்ணு.

ஒரு வயசுல பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலையா, ஒண்ணே கால் ஒண்ணரை வயசுல ஒரு வார்த்தைகூட இல்லையா, ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேரலையா, வந்த பேச்சு நின்னு போச்சா, உடனே போய்க் காட்டுங்க. ஒண்ணுமில்லைன்னு சொன்னா பஸ் சார்ஜ்தான் நஷ்டம். லேட்டாயிடுச்சுன்னா கதவு மூடிடும்னும் இல்லை. நாங்களே லேட்டாப் போனவங்கதானே.

பையனுக்கு இப்ப பதினோரு வயசு. பேச்சு முழுசா வந்துடுச்சான்னா, இல்லை. தண்ணி கேட்பான், பசி சொல்வான், வேணாம்னு அழுத்தமா சொல்வான். போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனோம். அலை வரும்போதெல்லாம் ரெண்டு கையையும் உதறிக்கிட்டுக் குதிச்சான். பக்கத்துல இருந்தவங்க பார்த்தாங்க. நாங்க யாரும் தடுக்கலை.

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இப்படி ஒரு வாண்டு இருந்தா, பின்னூட்டத்துல உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. அடுத்தவங்களுக்கு உதவும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. லேட்டாப் பேசின ஒரு தாய்மாமன், அவ்வளவுதான்.