பாட்டுக்குப் பின்னே நிற்பவர்கள்

காவிரி பாயும் நம் தஞ்சைத் தரணியில் நடவு வயல், தொட்டிலடி, நிக்காஹ் வீடு, மீலாது மேடை என எங்கும் பாட்டு ஒலித்தே வந்திருக்கிறது. பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் ஆகியோருக்கு நம் முன்னோர் தனித்தனிப் பெயர்கள் இட்டு வழங்கினர். அப்பெயர்களின் வரலாற்றை ஜமாஅத்தார்களின் பார்வைக்கு இங்கே வைக்கிறோம்.

சங்க காலத்தில் யாழிசைத்துப் பாடியவர் பாணர் என்றும், செய்யுள் இயற்றியவர் புலவர் என்றும் அழைக்கப்பெற்றனர். புலமை என்பது அறிவு. ஆகவே புலவர் என்னும் சொல் அறிஞரையும் குறித்தது. கவிஞரைக் குறிக்கும் ‘ஷாஇர்’ என்னும் அரபுச் சொல்லும் அறிதல், உணர்தல் என்னும் வேரிலிருந்தே பிறந்தது. திருக்குர்ஆனின் 26ஆவது அத்தியாயத்திற்குப் பெயரே ‘அஷ்ஷுஅரா’, அதாவது கவிஞர்கள். தாம் செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அதன் இறுதி வசனங்கள் கண்டிக்கின்றன. ஈமான் கொண்டு நற்செயல் புரிவோருக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. கவிஞர் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்காகப் பள்ளிவாசலில் மிம்பர் அமைக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இடமளித்த செய்தியை ஹதீஸ்களில் காண்கிறோம்.

தமிழ் முஸ்லிம்களிடையே இப்பட்டங்கள் பலவாகக் கிளைத்தன. சந்த நயம் மிக்க ‘வண்ணம்’ பாடுவதில் வல்லவராய் இருந்ததால் ஒருவர் வண்ணக்களஞ்சியப் புலவர் எனப்பட்டார். சுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் கூறும் ‘இராஜநாயகம்’ அவர் இயற்றியதாகும். பாட்டும் கூத்தும் பயிற்றும் ஆசானுக்கு ‘அண்ணாவியார்’ என்று பெயர். அதிராம்பட்டினத்தில் அப்பெயர் தாங்கிய புலவர் மரபே இருந்தது. ‘மகாபாரத அம்மானை’ பாடிய சையிது முகம்மது அண்ணாவியார் அவ்வூரினரே.

நாவன்மை உடையவர் நாவலர். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908), மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் தமிழ் பயின்றவர். பழந்தமிழில் ஆற்றுப்படை நூல்கள் பாணர், பொருநர், கூத்தர் ஆகியோரைக் கொடையாளிகளிடம் வழிப்படுத்தின. நாவலரோ, 1901இல் மதுரையில் நிறுவப்பெற்ற தமிழ்ச் சங்கத்தை நோக்கிப் புலவரை வழிப்படுத்தும் ‘புலவராற்றுப்படை’யை இயற்றினார்.

இசையுலகிற்கும் இந்நிலம் ஒரு சொல்லை நிலைபெறச் செய்தது. ‘வாக்கு’ என்பது சொல். ‘கேயம்’ என்பது பாடப்படுவது. சொல்லையும் இசையையும் ஒருவரே படைத்தால் அவர் வாக்கேயக்காரர். திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் (1767–1847) அத்தகையவர். ஆனால் எல்லாப் பாட்டும் ஒருவர் கையால் ஆனதன்று. தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) இராம நாடகக் கீர்த்தனைகளின் சொற்களை ஆக்கினார். அவற்றிற்கு இசையமைத்தவர்கள் அவருடைய மாணவர் இருவர். கவிராயரை அறிந்த பலர் அம்மாணவரை அறியார்.

இருபதாம் நூற்றாண்டில் இசைத்தட்டும் திரைப்படமும் வந்தபோது இப்பிரிவு வழக்கமாகிவிட்டது. ‘பாடலாசிரியர்’, ‘இசையமைப்பாளர்’ என்னும் சொற்கள் பரவின. போலகத்தில் பிறந்த பாபநாசம் சிவன் (1890–1973) சொல்லும் இசையும் தாமே படைத்தார். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) சொல்லைத் தந்து, மெட்டைப் பிறரிடம் விட்டார். அவர் 29 ஆண்டுகளே வாழ்ந்தபோதும் ‘மக்கள் கவிஞர்’ என்னும் பட்டம் அவரோடு நிலைத்துவிட்டது.

நம் இஸ்லாமியப் பாடல்களும் பெரும்பாலும் பலர் கூடி ஆக்கியவையே. இசைமுரசு நாகூர் ஹனிபா (1925–2015) அவர்களின் குரலை அறியாதார் இல்லை. அவர் பாடிய ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்னும் பாடல் பிற சமயத்தவர் இல்லங்களிலும் ஒலிக்கிறது. அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்காகப் பாடல்கள் புனைந்த புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் சலீம் ஆகியோரின் பெயர்களும் இளைய தலைமுறையிடம் மங்கி வருகின்றன. மெட்டமைத்தவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது.

பாடுபவரைப் புகழ்வது தவறன்று. ஆனால் விதைத்தவரையும் நீர் பாய்ச்சியவரையும் மறந்து, நெல் அளந்தவரை மட்டும் நினைப்பது நம் வயற்காட்டு நீதியாகாது. பாணர் வேறு, புலவர் வேறு என்று பெயரிட்டுப் போற்றிய மண் இது. பெயர் மறைந்தால் உழைப்பும் மறையும். பின்னர் அப்பாடல் யாருடையது என்று கேட்போரும் இலராவர்.

ஆகவே ஜமாஅத்தார்களிடம் இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். விழா மேடைகளில் ஒரு பாடல் பாடப்படும்போது எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் சேர்த்து அறிவிப்போமாக. வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய முனாஜாத்து நூல்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிடாமல், முகப்பில் உள்ள ஆசிரியர் பெயரையேனும் குறித்து வைப்போமாக.

எழுத்தாலும் இசையாலும் தீனுக்கும் தமிழுக்கும் தொண்டாற்றி மறைந்த நம் சமுதாயத்துப் பெருமக்களுக்கு வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.