கைக்கடைசல் பேனாவும் அதன் தோல் உறையும்

கைக்கடைசல் பேனா என்பது எபோனைட் அல்லது அக்ரிலிக் தண்டைக் கடைசல் பட்டறையில் பூட்டி, உளியைக் கையால் பிடித்து, ஒவ்வொன்றாகக் கடைந்து செய்யப்படும் மை பேனா. தமிழ்நாட்டில் இன்று இதற்குப் பெயர் பெற்ற ஊர் திருவள்ளூர். சென்னையிலிருந்து அரக்கோணம், காட்பாடி வழியாக மேற்கே போகும் ரயில் அந்த ஊரைத் தாண்டித்தான் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போகிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் பேனா கடைவதில்லை. ஆனால் நல்ல பேனா ஒன்றைச் சட்டைப் பையிலும் மேசையிலும் காக்கும் உறைக்குரிய தோலைப் பற்றி அந்த வட்டாரத்துக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியாது. பேனா சேர்ப்பவருக்கு இரண்டு இடத்துச் சங்கதியும் தெரிந்திருக்க வேண்டும்.

விலையுயர்ந்த பேனா என்றதும் தங்கமும் வைரமும் நினைவுக்கு வருவது விளம்பரங்களின் பழக்கம். உண்மையில் இந்தப் பேனாக்களின் மதிப்பு, பக்குவமாக வெந்த ஒரு பொருளிலும் அதைக் கடைந்த கையிலும் இருக்கிறது.

எபோனைட்

இயற்கை ரப்பரோடு நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் கந்தகம் சேர்த்துப் பல மணி நேரம் சூட்டில் வைத்தால், ரப்பரின் இழுபடும் குணம் போய், மரம்போல் கடையக்கூடிய கெட்டிப் பொருள் கிடைக்கும். அதுவே எபோனைட். ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறையை 1839இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். கெட்டி ரப்பருக்கு 1851இல் காப்புரிமை பெற்றவர் அவருடைய தம்பி நெல்சன். மை இதை அரிப்பதில்லை. கைச்சூடும் எளிதில் உள்ளே இறங்காது. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்த மை பேனாக்கள் பெரும்பாலும் எபோனைட்டில்தான் செய்யப்பட்டன. ஜப்பானியர் இதே எபோனைட்டின் மேல் உருஷி என்னும் மரப்பால் அரக்கை அடுக்கடுக்காகப் பூசி, உலகின் மிக உயர்ந்த விலைப் பேனாக்களில் சிலவற்றைச் செய்கிறார்கள்.

திருவள்ளூரில் பாண்டுரங்கன் தொடங்கி, அவர் மகன் கந்தன் நடத்திவரும் ரங்கா பேனாக்கள் இந்த எபோனைட்டை நம்பி நிற்பவை. வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் நுட்பம் புரியும். தண்டை அளவுக்கு அறுத்து, நடுவில் துளையிட்டு, பட்டறையில் சுற்றவிட்டு உளியை வைக்கிறார்கள். உளி கூர்மையாக இருந்தால் எபோனைட் தூளாக உதிராது. நாடாபோல் சுருண்டு வரும். கூடவே கந்தக வாடை எழும். உடல், கழுத்து, மூடி மூன்றையும் தனித்தனியாகக் கடைந்து மரை வெட்ட வேண்டும். ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்ணைவிட விரல்தான் சொல்லும். பிறகு முரட்டு உப்புத்தாளில் தொடங்கி வழவழப்பான தாள்வரை தேய்த்து, துணிச் சக்கரத்தில் மெருகு ஏற்றுகிறார்கள். மெருகு ஏற்றாமல் மங்கலாக விட்ட பேனாவுக்கும் தனியாக ஆள் உண்டு; வியர்க்கும் கையில் அது வழுக்காது.

இப்பேனாக்களில் பல, உடலுக்குள்ளேயே நேராக மையை ஊற்றிக்கொள்ளும் பழைய வகை. பெரிய உடல் என்றால் மூன்று, நான்கு மில்லிலிட்டர் மை பிடிக்கும்; சாதாரண மைக்குழாய் ஒரு மில்லிலிட்டர்கூடப் பிடிக்காது. இதில் ஒரு தொல்லையும் உண்டு. மை கால்வாசிக்குக் குறைந்ததும் உள்ளே காற்று நிறைந்திருக்கும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து, ஒரு சொட்டு மையை நிப்பு வழியே தாளில் தள்ளிவிடும். கனமான எபோனைட் சுவர் இருந்தால் இது குறையும். சுவர் கனமாக இருக்கிறதா என்று வாங்கும்போதே கழுத்தைக் கழற்றிப் பார்ப்பவரே விவரம் தெரிந்தவர்.

நிப்பு மட்டும் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வருகிறது: ஜோவோ, போக், ஷ்மிட். தமிழ் எழுதுகிறவர் இதில் கவனமாக இருக்க வேண்டும். ண, ன, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளைப் பட்டை நிப்பு மையால் அடைத்துவிடும். சிறிய எழுத்துக்காரருக்கு மெல்லிய நிப்பும், பெரிதாகச் சுழித்து எழுதுகிறவருக்கு நடுத்தர நிப்பும் ஏற்றவை. கடையில் கையெழுத்து மட்டும் போட்டுப் பார்ப்பது போதாது. ஒரு பத்தி தமிழ் எழுதிப் பார்க்க வேண்டும்.

சுதேசிப் பேனாவின் வழி

தென்னிந்தியாவில் இத்தொழிலுக்கு வேர் சுதேசி இயக்கத்தில் இருக்கிறது. ராஜமுந்திரியின் கே.வி. ரத்னம் செய்த பேனா, அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் ஜே.சி. குமரப்பா வழியாகக் காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்தவர். பேனாவை எழுதிப் பார்த்த காந்தி, கடைத்தெருவின் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்று என்று 1935 ஜூலையில் ரத்னத்துக்குக் கடிதம் எழுதினார். பேனா சேர்ப்பவர்களிடையே இந்தியாவில் இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

அதே காந்தியின் பெயரில் 2009இல் மோன்பிளாங்க் நிறுவனம் 241 பேனாக்களை வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலைக் குறிக்கும் எண்ணிக்கை அது. உடலில் தங்க இழை சுற்றி, நிப்பில் கைத்தடியோடு காந்தியின் உருவம். விலை சுமார் 11 லட்சம் ரூபாய். கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்ததும் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டு பேனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எளிய ராஜமுந்திரிப் பேனாவையே நான் அரிய பொருள் என்பேன். காந்தி எழுதியது அந்த வகைப் பேனாவால்.

சென்னையில் பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ, சுதந்திரத்துக்கு முன்பிருந்தே பேனா விற்றும் பழுது பார்த்தும் வரும் கடை. மு. கருணாநிதி விரும்பி எழுதிய வாலிட்டி 69 பேனா அங்கிருந்துதான் போனது. அது கோடீஸ்வரப் பேனா அல்ல. நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதிய ஒருவர், கைக்குப் பழகிய ஒரே வகையை விடாமல் வைத்திருந்தார். சேகரிப்பவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

தோலும் மையும்

பாலாற்று வட்டாரத் தோல் தொழில், மரப்பட்டையில் பதனிட்ட தோலை அரைப் பக்குவத்தில் ஏற்றுமதி செய்து வளர்ந்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் பல நாள் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டெடுத்த தோல் அது. கடுக்காய் சேர்த்தால் வெயில்பட்டுச் சிவக்காது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று லண்டன் சந்தை அதை அழைத்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடு உண்டு. 1972இல் சீதாராமையா குழு முழுப் பக்குவத் தோலையும் பொருளாகச் செய்தவற்றையும் ஏற்றுமதி செய்யச் சொன்னது. அதன்பின் ஆம்பூரும் வாணியம்பாடியும் குரோம் தோலுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வேகமாக மாறின. குரோம் பதனிடுதலின் விலையைப் பாலாறு கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிறுத்தியது.

பேனா உறைக்குப் பட்டைத் தோலே சிறந்தது என்பது என் முடிவு. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீர் பட்டால் பெரிதாகக் கெடாது. ஆனால் வடிவத்தில் நிற்காது. பட்டைத் தோலை நனைத்து அச்சில் அழுத்திக் காயவிட்டால் பேனாவின் உருவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். கைபடக் கைபட வெளிர் நிறம் தேன் நிறமாகும். ஓரம் சீவி, மெழுகு நூலில் இரட்டை ஊசித் தையல் போட்ட உறையில் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிரியாது. மெஷின் தையலில் அந்த உறுதி இல்லை.

தோலைப் பக்குவப்படுத்தும் அதே கடுக்காய்தான் பழைய தமிழ் மையையும் செய்தது. கடுக்காய்த் துவர்ப்புச் சாற்றோடு இரும்புச் சத்துள்ள அன்னபேதியைச் சேர்த்தால் கறுப்பு மை. ஜவ்வாது மலையில் இன்றும் கடுக்காய் பொறுக்குகிறார்கள். மலைக்குக் கீழே ஒரு பக்கம் தோல் ஊர்கள். டேனரிக்காரர்களுக்கு இந்த வேதியியல் அனுபவத்தில் தெரியும்: துருப்பிடித்த ஆணி பட்ட இடத்தில் பட்டைத் தோல் கறுத்துவிடும். இரும்புச் சேர்க்கை உள்ள மை ஒரு சொட்டுப் பட்டைத் தோல் உறையில் விழுந்தாலும் அப்படித்தான். தோலில் உள்ள துவர்ப்பே மையாகிவிடுவதால் எந்தச் சோப்பும் அதை எடுக்காது. அத்தகைய மை அமிலத் தன்மை கொண்டது. எஃகு நிப்பை நாளடைவில் அரிக்கும், தங்க நிப்பைத் தொடாது. வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை மட்டும் எந்த மை பேனாவிலும் ஊற்றக் கூடாது. அது தொட்டெழுதும் கட்டைப் பேனாவுக்கு உரியது. உள்ளே படிந்து பேனாவை அடைத்துவிடும்.

பராமரிப்பு

வேலூர் வெயிலில் எபோனைட் பேனா வைத்திருப்பவருக்கு இரண்டு பகை: வெளிச்சமும் வெந்நீரும். நாள்பட வெயில் பட்டால் கந்தகம் மேலே வெளிப்பட்டுக் கறுப்பு பழுப்பாகும். பழைய பேனாவை வெந்நீரில் கழுவினால் அதே நிறம் ஒரே நிமிடத்தில் வரும். பச்சைத் தண்ணீர் போதும். எபோனைட்டிலிருந்து கசியும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்வதால், வெள்ளிப் பேனாவையும் எபோனைட் பேனாவையும் ஒரே உறையில் போடக் கூடாது. மூடிய காரில் பேனாவை விட்டுப் போனால் மை கசியும், உறையும் பாழாகும்.

பழுப்பேறிய எபோனைட்டை மறுபடி பட்டறையில் ஏற்றி மேற்பரப்பை லேசாகச் சீவி மெருகிட்டால் பழைய கறுப்பு திரும்பும். புதிய பேனாவுக்கு இதைத் தயங்காமல் செய்யலாம். உடலில் கம்பெனிப் பெயரோ உரியவர் பெயரோ பொறித்த பழைய பேனாவில் அந்த எழுத்தும் சேர்ந்து சீவப்பட்டுவிடும். அதனால் விவரம் தெரிந்த சேகரிப்பாளர்கள் அதைப் பழுப்பாகவே வைத்திருக்கிறார்கள். பொறிப்புத் தெளிவாக உள்ள பழுப்புப் பேனாவுக்குத்தான் அவர்களிடையே விலையும் கூடுதல்.