சேந்தமங்கலம் வழியே வந்த சொற்கள்

கொல்லிமலை போகிறவர்கள் டீ குடிக்க இறங்கும் சேந்தமங்கலத்துக்கு 1623-ல் மதுரையிலிருந்து காவி உடுத்திய ஓர் இத்தாலியர் வந்தார். ராபர்ட் தெ நொபிலி. நம்மவர்களுக்குத் தத்துவ போதகர். பூணூலும் குடுமியும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்று பத்தாண்டுக்கு மேல் இழுத்த வழக்கில், ஆகும் என்று போப் பதினைந்தாம் கிரகோரி அந்த ஆண்டு சனவரி 31-ல்தான் தீர்ப்பளித்திருந்தார். சேந்தமங்கலம் இராமச்சந்திர நாயக்கர் அவரை ஆதரித்தார். அடுத்து சேலம்.

எனக்கு அவருடைய உடையைவிடச் சொற்கள் முக்கியம். சர்வேசுரன், வேதம், குரு, பூசை எல்லாம் அவர் எழுத்தில் ஊன்றியவை. காரைக்காலில் பிரெஞ்சில் செபம் படித்த நான், சேலத்துக்கு மாற்றலாகி வந்துதான் கிழவிகள் வாயில் அவற்றைக் கேட்டேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை திருப்பலியானது, வேதாகமம் விவிலியமானது. நல்ல தமிழ்தான். ஆனால் வேதாகமத்தையும் மரபையும் சமமாக மதிக்கச் சொன்னதும் அதே சங்கம்தான், 1965-ல். அந்த மரபு வேறு, சொல் வழக்கு வேறு என்பார் எங்கள் பங்குச் சாமியார். சரிதான். போன மாதம் ஒரு பாட்டிக்கு அவஸ்தை கொடுக்கப் போனபோது, அவர் புதுச் செபத்தைத் தொடங்க, அந்தம்மா பழைய பிரியதத்த மந்திரத்தையே சொல்லி முடித்தது. சாமியார் காத்திருந்தார்.