எளியோர் வண்டிகள் எங்கே போயின?

மன்னர்கள் ஏறிச் சென்ற மோட்டார் வண்டிகள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. உதயப்பூர் அரச குடும்பத்தாரின் காட்சிச்சாலையில் 1930-களைச் சேர்ந்த ரோல்ஸ் ராய்ஸ் வண்டியை நாம் காணலாம். ஆனால் நேற்றுவரை தெருவெங்கும் நிறைந்திருந்த பத்மினியையும், முதன்முதலில் வந்த மாருதியையும் இன்று தேடியே காணவேண்டியிருக்கிறது. முந்தியது நிலைத்திருக்க, பிந்தியது மறைவானேன்?

முதலில் பத்மினியை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய பியட் நிறுவனத்தின் 1100 வகை வண்டியைப் பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தார் செய்துவந்தனர். 1974-இல் அதற்குப் பத்மினி என்னும் பெயர் வழங்கலாயிற்று. நடுத்தரக் குடும்பத்தார் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அதைப் பெற்றனர். பம்பாயில் அது கறுப்பும் மஞ்சளுமாக டாக்சி வடிவம் பூண்டது. தாதர் நிலையத்தில் இறங்கிய நம்மவருள் எத்தனையோ பேர், பெட்டி படுக்கைகளை அதன் கூரைமீது கட்டிக்கொண்டே மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் குடிபுகுந்தனர்!

அந்த வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டமுமாகும். ஆதலின் கடற்காற்றும் மழைநீரும் அடித்தகட்டை அரித்துவிட்டால், மேலே எத்தனை முறை வண்ணம் பூசினும் வண்டியின் வலிமை குன்றிவிடும். உற்பத்தி நின்றபின் உதிரிப் பாகங்களும் அருகின. ஒரு வண்டியைப் பிரித்து மற்றொன்றை ஓட்டும் நிலை வந்தது. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் அலுவலகத்தில் பதிவான கடைசிப் பத்மினி டாக்சிக்கும் 2023 அக்டோபரில் காலம் முடிந்தது.

மாருதியின் வரலாறு இதனினும் வியப்புக்குரியது. 1983 டிசம்பர் 14 அன்று டில்லியில் பிரதமர் இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியை வழங்கினார். விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டியே இருந்தது. 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை மாருதி 800 நம் நாட்டில் 25 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. எனினும் 1986-இலேயே அதன் உருவம் மாறிவிட்டமையால், முதல் வடிவம் மூன்றாண்டுக் காலமே வெளிவந்தது. அதிலிருந்த 796 சி.சி. வகை இயந்திரமே பிந்திய மாருதியிலும் மாருதி வேனிலும் இடம்பெற்றது. ஆகவே பழைய வண்டியை முழுதாக விற்பதைவிடப் பகுதி பகுதியாக விற்பதே ஆதாயம் என்றாயிற்று. 15 ஆண்டு கடந்த வண்டிகள் டில்லியில் ஓடலாகாதென 2014-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எஞ்சியவற்றுட் சில பிற மாநிலங்களுக்குச் சென்றன. பல காயலான் கடையை அடைந்தன. நகரத்துக் காற்று தூய்மை பெறவேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயினும் விளைவு இது.

சட்டமும் துருவும் மட்டும் காரணமல்ல. மலிவே முதற்காரணம் எனலாம். விலையுயர்ந்த வண்டிக்குக் கொட்டகையும் காவலும் உண்டு. எளிய வண்டியோ வெயிலில் நின்றது, ஓயாது உழைத்தது. பழுதுபார்க்கும் கூலி வண்டியின் விலையை விஞ்சிய அன்றே அதன் ஆயுள் முடிந்தது. எங்கும் இருந்ததாலேயே எவரும் அதைப் பேணவில்லை. முதல் மாருதிகூட, உரிமையாளர் 2010-இல் காலமான பின், வெயிலிலும் மழையிலும் கிடந்து துருவேறியது. பின்னர் அந்நிறுவனமே அதைச் செப்பனிட்டுத் தன் தலைமை அலுவலகத்தில் வைத்தது.

அரசர் வண்டி அரசரின் பெருமையைக் கூறும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊர்விட்டு ஊர்வந்து வாழ்ந்தோர் கதையைக் கூறுவது பத்மினியும் மாருதியுமே. எல்லா வண்டிகளையும் காத்தல் இயலாது, தேவையுமன்று. ஆனால் ரசீது, பதிவுப் புத்தகம், வண்டியருகே குடும்பத்தார் நின்ற புகைப்படம் ஆகியவை பெட்டியடியில் இருக்குமாயின், அவற்றையேனும் எறியாது வைப்போமாக. வண்டி மறையினும் அதில் சென்ற வாழ்க்கைக்குச் சான்று எஞ்சும்.