விண்டோஸ் எடுத்து வைத்த நகல்: ஒரு சின்ன வரலாறு

வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோக்களுக்கு நகல் இருக்கிறதா என்று கேட்டால், உங்களில் பெரும்பாலோர் "கூகுளில் இருக்கிறது" என்பீர்கள். செட்டிங்குகளுக்கு இருக்கிறதா என்று கேட்டால்? "அதெல்லாம் விண்டோஸே பார்த்துக்கொள்ளும்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். ஒரு காலத்தில் அது உண்மைதான். எப்போது உண்மையானது, எப்போது சத்தமில்லாமல் பொய்யானது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

செட்டிங்குகள் என்றால் திரையின் நிறமும் எழுத்தின் அளவும் மட்டுமல்ல. பிரிண்டருக்கு எந்த டிரைவர், ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் படிப்பது, ஆன் செய்ததும் எவை தானாகத் துவங்க வேண்டும், எந்தத் தமிழ் கீபோர்டு, எந்த வைஃபை என்று எல்லாமே அதில் அடங்கும். இதில் முக்கியமான ஒரு பகுதி கெட்டுப்போனால் உங்கள் போட்டோக்களும் கணக்குகளும் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் மெஷின் எழுந்திருக்காது. சாமான்கள் எல்லாம் உள்ளே இருக்க, வாசல் பூட்டு மட்டும் கெட்டுப்போன பிளாட் மாதிரி.

எண்பதுகளில், டாஸ் காலத்தில், இந்த விஷயம் மிகச் சுலபமாக இருந்தது. கான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பாட் என்று இரண்டே கோப்புகள். இரண்டும் வெறும் எழுத்துகள். திறந்து படிக்கலாம், காகிதத்தில் அச்சடித்தால் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். மாற்றம் செய்வதற்கு முன் ஒரு ஃபிளாப்பியில் நகல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். கெட்டுப்போனால் ஃபிளாப்பியிலிருந்து திரும்பப் போட்டுவிடலாம். 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6 இன்னும் ஒரு படி மேலே போனது: துவங்கும்போது எஃப்5 அழுத்தினால் இரண்டு கோப்புகளையும் தாண்டிப் போகும், எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாக "இதைச் செய்யட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுப் போகும். எந்த வரியில் கோளாறு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

பிறகு விண்டோஸ் வந்தது. வின்.இனி, சிஸ்டம்.இனி என்ற கோப்புகள் சேர்ந்தன. அவையும் படிக்கக்கூடிய எழுத்துகள்தான். ஆனால் புதிதாகப் போடும் ஒவ்வொரு மென்பொருளும் வின்.இனியில் தன் பங்குக்கு நாலு வரி எழுதிவைக்கும். அந்த மென்பொருளை நீக்கினாலும் வரிகள் அங்கேயே கிடக்கும். காலி செய்த வாடகைதாரரின் பெயர்ப் பலகை வாசலில் தொங்குவது போல. அந்தக் கோப்பு 64 கேபிக்கு மேல் வளரவும் முடியாது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒழுங்கான அடுக்குகளில் வைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் யோசித்ததன் விளைவுதான் ரெஜிஸ்ட்ரி. 1992-இல் விண்டோஸ் 3.1-இல் அது ஒரு சிறு மூலையாகத் துவங்கியது. 1993-இல் விண்டோஸ் என்டியிலும், 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95-இலும் முழு வீட்டையும் பிடித்துக்கொண்டது.

ஒழுங்கு வந்தது நல்லதுதான். ஆனால் கூடவே ஒன்று கைவிட்டுப் போனது. ரெஜிஸ்ட்ரி எழுத்துக் கோப்பு அல்ல. நோட்பேடில் திறந்தால் குப்பைதான் தெரியும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோப்புகளைச் சாதாரணமாக காப்பி செய்யவும் விடாது. அதுவரை நகல் எடுப்பது நம் கையில் இருந்தது. அதன் பிறகு நகலையும் அந்த மெஷினே எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று ஆனது.

மெஷினும் ஆரம்பத்தில் அதை ஒழுங்காகவே செய்தது. என்டி வரிசையில் "கடைசியாக நன்றாக இருந்த நிலை" என்று ஒரு வசதி. நீங்கள் வெற்றிகரமாக லாக்-இன் செய்ததும், அப்போதைய டிரைவர் விவரங்களை "இது நல்லது" என்று குறித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை எழ மறுத்தால், குறித்துவைத்ததற்குத் திரும்பலாம். இதில் ஒரு சிக்கல்: கோளாறோடு எழுந்து, நீங்களும் அவசரத்தில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்விட்டால், அந்தக் கோளாறான நிலையே "நல்லது" என்று பதிவாகிவிடும். விண்டோஸ் 95-இலும் இதே கதைதான். சிஸ்டம்.டாட், யூசர்.டாட் என்ற இரண்டு ரெஜிஸ்ட்ரி கோப்புகளுக்கும் ஒவ்வொரு முறை நன்றாகத் துவங்கியதும் ஒரு நகல் எடுக்கும். ஒரே ஒரு நகல். அடுத்த தடவை அதன் மேலேயே எழுதிவிடும்.

1998 ஜூனில் வந்த விண்டோஸ் 98-தான் என் கணக்கில் இந்த வரலாற்றின் பொற்காலம். ஸ்கேன்ரெக் என்ற சிறு நிரல் ஒவ்வொரு நாளும் முதல் முறை கம்ப்யூட்டர் துவங்கியதும் ரெஜிஸ்ட்ரியைச் சோதிக்கும். சரியாக இருந்தால் அன்றைய நகலைச் சுருக்கி, மறைவான ஒரு ஃபோல்டரில் வைக்கும். ஐந்து நகல்கள் சேர்ந்ததும் மிகப் பழையது போய்விடும். தினமும் பயன்படுத்தும் மெஷின் என்றால் ஐந்து நாள் பின்னால் போகலாம். கெட்டுப்போன அன்று கறுப்புத் திரைக்குப் போய், ஸ்கேன்ரெக் என்று அடித்து, பக்கத்தில் ஒரு சாய்கோடும் ரீஸ்டோர் என்ற சொல்லும் சேர்த்தால், தேதி போட்ட ஒரு பட்டியல் வரும். அந்த நகலை வைத்து விண்டோஸ் உண்மையிலேயே ஒரு முறை துவங்கியிருக்கிறதா என்பதும் ஒவ்வொன்றின் பக்கத்திலும் போட்டிருக்கும். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நகல் இருக்கிறது என்பது ஒன்று, அது வேலை செய்தது என்பது வேறு. இரண்டையும் பார்ப்பவருக்குக் காட்டிய வசதி அது. நெருங்கிய சொந்தக்காரர் மாதிரி உபசாரம் எதுவும் இல்லை, கேட்டால் உண்மையைச் சொல்லும்.

2000-இல் விண்டோஸ் மில்லேனியத்தோடு சிஸ்டம் ரீஸ்டோர் வந்தது. அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பியில்தான் பலரும் அதைப் பார்த்தோம். காலண்டர் படம் போட்டு, ஒரு தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ரெஜிஸ்ட்ரி மட்டுமல்ல, சிஸ்டம் கோப்புகளையும் சேர்த்துப் பின்னுக்குக் கொண்டுபோகும். உங்கள் கடிதங்களையும் படங்களையும் தொடாது. அழகான ஏற்பாடு. ஆனால் டிஸ்க்கில் கணிசமான இடம் பிடித்தது. எக்ஸ்பியில் பெரிய டிஸ்க் என்றால் 12 சதவீதம் வரை. இன்னொரு தொல்லை: வைரஸ் வந்த பிறகு எடுத்த ரீஸ்டோர் பாயிண்டுக்குள் வைரஸும் உட்கார்ந்துகொள்ளும். ஆன்டி-வைரஸ் அதற்குள் கை வைக்க முடியாது. அதனால் "முதலில் சிஸ்டம் ரீஸ்டோரை ஆஃப் செய்யுங்கள், பிறகு சுத்தம் செய்யுங்கள்" என்பதே அந்நாளைய அறிவுரை. ஆஃப் செய்தால் பழைய பாயிண்டுகள் அத்தனையும் போய்விடும். சுத்தம் முடிந்ததும் திரும்ப ஆன் செய்ய மறந்தவர்களுக்கு அதற்குப் பிறகு எதுவுமே இல்லை. (பென் டிரைவில் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டரைப் பார்த்து அதுவே வைரஸ் என்று பயந்தவர்கள் நம்மிடையே உண்டு. அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஒன்றும் செய்யாது.)

இனி வருவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. விஸ்டாவிலிருந்து, சிஸ்டம் ரீஸ்டோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விண்டோஸ் சில நாட்களுக்கு ஒரு முறை ரெஜிஸ்ட்ரியை ரெக்பேக் என்ற ஃபோல்டரில் காப்பி செய்துவைக்கும். கம்ப்யூட்டர் எழாதபோது, பழுது பார்ப்பவர் அதைத்தான் முதலில் தேடுவார். ஐந்து கோப்புகளை எடுத்து உரிய இடத்தில் போட்டால் பல சமயம் மெஷின் எழுந்துவிடும். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து இந்த நகல் நின்றுவிட்டது. ஃபோல்டர் இருக்கிறது. கோப்புகளும் அதே பெயர்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அளவும் பூஜ்ஜியம் கேபி. இதில் வேடிக்கை, காப்பி எடுக்க வேண்டிய வேலை "வெற்றிகரமாக முடிந்தது" என்றே குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தது. பலரும் இதை ஏதோ பிழை என்று நினைத்தார்கள். டிஸ்க்கில் விண்டோஸ் பிடிக்கும் இடத்தைக் குறைக்க வேண்டுமென்றே நிறுத்தியது என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்தில் எழுதியது. இனி ரீஸ்டோர் பாயிண்டைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. பல விண்டோஸ் 10 மெஷின்களில் அந்த ரீஸ்டோர் வசதியே ஆஃப் ஆகித்தான் வருகிறது. மிச்சம் பிடித்த இடம் ஒரு சினிமாவின் அளவுகூட வராது. இதை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நகல் இருந்தாலும் உள்ளே போகச் சாவி வேண்டும் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ரெஜிஸ்ட்ரி கோளாறு அல்ல; ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும். ஆனால் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்த மெஷின்களில், அந்தக் கோப்பை அடையவே 48 இலக்க மீட்புச் சாவி கேட்டது. அந்தச் சாவிகளைச் சேமித்திருந்த சர்வரும் நீலத் திரையில் இருந்தால், பாவம், என்ன செய்வார்கள்! இப்போது வரும் புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் பல, நீங்கள் கேட்காமலே இந்தப் பூட்டைப் போட்டுவிடுகின்றன. உங்கள் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். அதைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

ரீஸ்டோர் பாயிண்டைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டோர் பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். சி டிரைவுக்கு நேராக "ஆஃப்" என்று இருந்தால், கான்ஃபிகர் பட்டனை அழுத்தி ஆன் செய்து, கொஞ்சம் இடம் ஒதுக்கி, க்ரியேட் பட்டனை அழுத்துங்கள். புது பிரிண்டர் போடுவதற்கு முன்னும், பெயர் தெரியாத மென்பொருளை ஏற்றுவதற்கு முன்னும் இதைச் செய்துகொள்ளலாம். இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். திரும்பப் போனால், அந்தத் தேதிக்குப் பிறகு நிறுவிய மென்பொருள்கள் காணாமல் போகும், திரும்ப நிறுவ வேண்டும். அதேபோல, தவறுதலாக அழித்த மெயின்டனன்ஸ் கணக்கு ஷீட் இதனால் திரும்பி வராது. அதற்குத் தனியாக, வேறொரு டிஸ்க்கில் நகல் வேண்டும். ரீஸ்டோர் பாயிண்ட் இருப்பது அதே டிஸ்க்கில்தான், டிஸ்க் போனால் அதுவும் போகும்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு ஒரு ரீஸ்டோர் பாயிண்டின் ஆயுள் அதிகபட்சம் 60 நாள். நம் செய்திமடல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. இதைப் படித்துவிட்டு இன்று நீங்கள் எடுக்கும் பாயிண்ட், அடுத்த இதழ் வரும்போது இருக்காது.